சண்டைக்கார மீன் என்று பெயர் வைத்தது யார்?

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களும், பிள்ளைகளின் கரைச்சல் தாங்காமல் வாங்கப் போகும் வாப்பாமாரும் ஆறுதலாக வாசியுங்கள். மீன் வளர்க்காதவர்களுக்கும் இதில் ஒரு விசயம் இருக்கிறது.

எங்கள் வீட்டு முன்மண்டபத்தில் நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 250 லீற்றர் தண்ணீர் கொள்ளும். வீட்டுத் தொட்டி என்ற கணக்கில் நடுத்தரம். பிள்ளைகளின் ஆசைக்காக அதில் ஒரு ஒஸ்கார், ஒரு ஜக் டெம்ப்ஸி, இரண்டு கொன்விக்ட் விட்டோம். நான்கும் சிக்லிட் குடும்பத்து மீன்கள். கடையில் வாங்கும்போது எல்லாமே விரல் நீளம்தான். ஒன்றாகத் தின்றன, ஒன்றாக வளர்ந்தன. நாங்களும் சந்தோசமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சில மாதம் போனது. இரண்டு கொன்விக்டும் சோடி சேர்ந்து, கவிழ்த்து வைத்திருந்த மண்சட்டிக்குள் முட்டை இட்டன. இரண்டாம் நாள் சுபஹுக்கு எழும்பி மின்குமிழைப் போட்டுப் பார்த்தால், தங்களைவிட இரண்டு மடங்கு பெரிய ஜக் டெம்ப்ஸியை அந்தச் சோடி மூலையில் ஒதுக்கி முடித்திருந்தது. செட்டையெல்லாம் நார் நாராகக் கிழிந்து செத்துக் கிடந்தது. ஒஸ்கார் வடிகட்டிக் குழாய்க்குப் பின்னால் சரிந்து ஒளிந்து நின்றது.

பின்னேரம் பாடம் படிக்க வந்த ஒரு மாணவன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சேர், அதுகள்ட சாதியே அப்படித்தான். பேரப் பாருங்களேன், கொன்விக்ட். மறியல்காரன் வேற என்னத்தச் செய்வான்?"

நாங்களும் சிரித்தோம். இரவுதான் அந்தச் சிரிப்பு தொண்டையில் முள்ளாக நின்றது. "சாதியே அப்படித்தான்" என்ற வசனத்தை நாம் கேட்டிருக்கிறோம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸிலும், வரிசையிலும், காரியாலயங்களிலும் நம்மைப் பார்த்துச் சொன்னார்கள். அப்போது எவ்வளவு வலித்தது என்று யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. உண்மையைச் சொன்னால், நம் வீட்டு முற்றங்களில் இருந்துகொண்டு மற்றவர்களைப் பற்றி நாமும் அதே வசனத்தைச் சொல்லியிருக்கிறோம். ஒரு மீனைப் பற்றிச் சொன்னால் பாவமில்லைதான். ஆனால் அது மீனுக்காவது உண்மையா? வரலாறு படிப்பிக்கிற எங்களுக்கு, இந்த மீன்களின் வரலாற்றைத் தேடிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் பெயர்கள்.

ஒஸ்காருக்கு 1831இல் விஞ்ஞானப் பெயர் வைத்தவர் லூயி அகாசி என்ற சுவிஸ் நாட்டு அறிஞர். பிரேசிலில் மீன் சேகரித்து வந்த ஸ்பிக்ஸ் என்ற ஜேர்மன் அறிஞர் 1826இல் இறந்துபோக, அவருடைய சேகரிப்பை ஆராயும் வேலை இளைஞரான அகாசியின் கைக்கு வந்தது. அமேசன் ஆற்று மீனான ஒஸ்காரை அவர் கடல்மீன்களுக்குரிய பேரினம் ஒன்றில் சேர்த்துவிட்டார். அது பிழை. ஆனால் அவர் வைத்த 'ஒசெலாட்டஸ்' என்ற சொல் சரி. கண் போன்ற புள்ளி உள்ளது என்று அர்த்தம். அதன் வாலடியில் உள்ள வட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

கொன்விக்டுக்கு 1867இல் பெயர் வைத்தவர் லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் வேலை செய்த அல்பர்ட் குந்தர். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மீன்களைப் பார்த்து 'நைக்ரோபாசியாட்டா' என்று எழுதினார். கறுப்புப் பட்டிகள் உள்ளது என்று பொருள். ஜக் டெம்ப்ஸிக்கு அதே அருங்காட்சியகத்தில் இருந்த சார்ள்ஸ் டேட் ரீகன் 1903இல் 'ஒக்டோபாசியாட்டா' என்று பெயரிட்டார். எட்டுப் பட்டிகள் உள்ளது. ரெட் டெவில் என்று கடையில் விற்கும் மீனுக்கு 1864இல் குந்தர் இட்ட பெயர் 'லாபியாட்டஸ்', தடித்த உதடுள்ளது.

கவனியுங்கள். புள்ளி, பட்டி, உதடு. கண்ணால் கண்டதை எழுதினார்கள். ஒருவரும் அந்த மீன்கள் மீது குற்றம் சுமத்தவில்லை.

குற்றம் சுமத்திய பெயர்கள் கண்ணாடித் தொட்டி வந்த பிறகு வந்தவை. 1919 யூலை 4ஆம் திகதி அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஜக் டெம்ப்ஸி என்ற குத்துச்சண்டை வீரர், தன்னைவிட மிகப் பெரிய ஆளான ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு தடவை விழுத்தி உலகச் சம்பியனானார். 1926 வரை அந்தப் பட்டம் அவரிடம் இருந்தது. அவருடைய பெயர் எட்டுப் பட்டி மீனுக்கு வந்து சேர்ந்தது. கறுப்புப் பட்டி மீன் மறியல் உடுப்புப் போட்டவன் மாதிரி இருந்ததால் 'கொன்விக்ட்' ஆனது. தடித்த உதட்டு மீன் 'செம்பிசாசு' ஆனது. ஈக்குவடோர், பெரு நாட்டு ஆறுகளின் மீன் ஒன்று 'கிரீன் டெரர்', அதாவது பச்சைப் பயங்கரம். 1990களில் மலேசியாவில் மத்திய அமெரிக்கச் சிக்லிட்களைக் கலந்து உண்டாக்கிய பிளவர்ஹோர்னுக்கு மட்டும் எதிர்மாறான அதிர்ஷ்டம். நெற்றி புடைத்த அந்த மீனும் நன்றாகக் கடிக்கும், ஆனாலும் அதற்குப் பூவின் பெயரும் அதிர்ஷ்ட மீன் என்ற மரியாதையும் கிடைத்தன.

அப்படியானால் இந்த மீன்கள் தங்கள் சொந்த ஊரில் எப்படி நடந்துகொள்கின்றன?

சிக்லிட்களின் விசேசம் அவை பிள்ளை வளர்க்கும் மீன்கள் என்பது. அநேகமான மீன்கள் ஆயிரக்கணக்கில் முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். கொன்விக்டும், ஜக் டெம்ப்ஸியும், ஒஸ்காரும் அப்படிப் போவதில்லை. தாயும் தகப்பனும் முட்டையைக் காத்து, செட்டையால் விசிறி, குஞ்சு பொரித்த பிறகும் வாரக்கணக்கில் கூடவே திரிகின்றன. சுற்றிவரக் குஞ்சு தின்னும் மீன்கள். முட்டையிடப் பொருத்தமான பொந்துகளோ குறைவு. நிக்கரகுவாவின் ஹிலோவா ஏரியில் ஆராய்ச்சி செய்த கென்னத் மக்கே, அங்கே நடக்கும் பெரும் போட்டி இந்தப் பொந்துகளுக்காகத்தான் என்று 1977இல் எழுதினார். அதே ஏரியில் அவர் கண்ட இன்னொன்று அதைவிட ஆச்சரியம். தாவரம் தின்னும் ஒரு சிக்லிட்டின் ஆண், மீன் தின்னும் வேறொரு பெரிய சிக்லிட்டின் குஞ்சுகளைத் தன் குஞ்சுபோல நின்று காத்தது.

ஏரியில் சண்டை இல்லை என்று சொல்ல வரவில்லை. உண்டு. ஆனால் அங்கே தோற்ற மீன் சில யார் தூரம் ஓடினால் போதும். துரத்திய மீன் முட்டையை விட்டுவிட்டுக் கன தூரம் வராது. எங்கள் தொட்டியில் ஜக் டெம்ப்ஸி எங்கே ஓடும்? நான்கு அடிக்கு அப்பால் கண்ணாடி. அது மூலையில் நின்றாலும், முட்டையிலிருந்து பார்த்தால் எதிரி இன்னும் பக்கத்தில்தான் நிற்கிறான். அந்தத் தாயும் தகப்பனும் விடவில்லை. அதைக் கொன்றது கொன்விக்டின் சாதி என்று சொல்வதைவிட, ஓட இடமில்லாத பெட்டி என்று சொல்வதே நியாயம். அந்தப் பெட்டியை வாங்கி வைத்தவர்கள் நாங்கள்.

இனி கதை நம் வாவிக்கு வருகிறது.

சிக்லிட் என்றால் ஆபிரிக்காவும் அமெரிக்காவும் மட்டும் என்று நினைக்கிறோம். நம் நாட்டுக்கும் தென்னிந்தியாவுக்கும் சொந்தமான சிக்லிட்கள் இருக்கின்றன. ஒன்று சிங்களத்தில் கொரலியா என்று சொல்லும் பச்சைக் குரோமைட். மட்டக்களப்பு வாவியில் பிடித்து நாம் சமைப்பது. மற்றது விரல் நீளமே வளரும் செம்மஞ்சள் குரோமைட். இரண்டுக்கும் முதலில் விஞ்ஞானப் பெயர் வைத்தவர் பேர்லின் நகரத்து யூத வைத்தியர் மார்க்குஸ் புளொக். ஒன்றுக்கு 1790இல், மற்றதற்கு 1795இல்.

இந்தச் சின்னச் செம்மஞ்சள் மீன்தான் 20ஆம் நூற்றாண்டின் பெரிய விவாதம் ஒன்றில் சாட்சியாக நிறுத்தப்பட்டது. கொன்ராட் லோரன்ஸ் என்ற ஒஸ்திரிய அறிஞர் 1963இல் ஆக்ரோஷம் பற்றி ஒரு நூல் எழுதினார். உலகமெங்கும் வாசிக்கப்பட்டது. அதில் அவர் தன் தொட்டிகளில் கண்டதை விபரிக்கிறார். செம்மஞ்சள் குரோமைட் போன்ற சிக்லிட்களில் ஒரு சோடியைத் தனியே வைத்தால் ஆண் தன் பெண்ணையே தாக்கும். இன்னொரு மீனைப் பலிக்கடாவாக விட்டால், அல்லது நடுவில் கண்ணாடி வைத்து அந்தப் பக்கம் வேறொரு சோடியை விட்டால், கோபம் அந்தப் பக்கம் போய்விடும், வீட்டில் சமாதானம். கண்ணாடியில் பாசி படிந்து அயல்காரன் மறைந்துவிட்டால் பெண்ணுக்கு மறுபடி அடி விழும்.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவு: ஆக்ரோஷம் குளத்தில் தண்ணீர் சேர்வது மாதிரி உள்ளுக்குள் தானாக ஊறிச் சேர்கிறது, எங்கேயாவது திறந்துவிட்டே ஆக வேண்டும், மனிதனிலும் அப்படித்தான். இதைப் பிடித்துக்கொண்டவர்கள் பலர். "சண்டை பிடிப்பது இயற்கை, அதற்கு ஒரு எதிரி தேவை" என்று சொல்ல விஞ்ஞானத்தின் முத்திரை கிடைத்துவிட்டது அல்லவா?

லோரன்ஸ் பெரிய அவதானி. 1973இல் நொபெல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். ஆனால் வரலாற்று ஆசிரியர் மற்றப் பக்கத்தையும் புரட்ட வேண்டும். 1938இல் அவர் நாஸிக் கட்சியில் சேர்ந்தவர். மனித இனம் தரம் கெட்டுப்போகிறது என்று அந்த ஆட்சியின் பாசையில் 1940இல் எழுதியவர். பிற்காலத்தில் அதற்காக வருந்தி எழுதினார். அவரோடு சேர்ந்து நொபெல் பரிசு பெற்ற டச்சுக்காரர் நிக்கோ டின்பேர்கன், யுத்த காலத்தில் அதே நாஸிகளால் பணயக் கைதியாக அடைத்து வைக்கப்பட்டவர். இருவரும் பிறகும் நண்பர்களாக இருந்தார்கள்.

பதில் லோரன்ஸின் சொந்த வீட்டிலிருந்தே வந்தது. அவரிடம் படித்த வால்ட்டர் ஹைலிகன்பேர்க், கிராமர் என்பவரோடு சேர்ந்து 1972இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். மீன் ஆபிரிக்கச் சிக்லிட். லோரன்ஸ் சொன்னது சரியென்றால், போட்டி ஆண்களைக் காணாமல் நாள்கணக்கில் இருக்கும் ஆணிடம் கோபம் சேர்ந்து சேர்ந்து கூட வேண்டும். கூடவில்லை. நாள் போகப் போகத் தாக்கும் வேகம் குறைந்தது. போட்டியாளனைப் போன்ற ஒரு பொம்மை மீனைக் காட்டியதும் மறுபடி கூடியது.

அதாவது கோபம் தானாக ஊறவில்லை. காட்டக் காட்டக் கூடுகிறது, காட்டாமல் விட்டால் தணிகிறது. ஒவ்வொரு நாளும் கைத்தொலைபேசியில் யார் யாரோ நமக்கு எந்த எதிரியைக் காட்டுகிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 1986இல் ஸ்பெயினின் செவில் நகரில் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி, யுத்தம் செய்யும் குணம் விலங்கு முன்னோரிடமிருந்து நமக்கு வந்தது என்று சொல்வது விஞ்ஞான ரீதியில் பிழை என்று கூட்டாக அறிவித்தார்கள். 1989இல் யுனெஸ்கோ அதை ஏற்றுப் பரப்பத் தொடங்கியது.

சரி, எந்த மீனை வாங்குவது? எங்கள் தொட்டி அளவை வைத்தே சொல்கிறோம்.

ஒஸ்கார் வளர்ந்தால் ஒரு அடி. ரெட் டெவிலும் அப்படித்தான். ஒன்றரை அடி அகலத் தொட்டியில் அவை திரும்பவே கஷ்டப்படும். குஞ்சாக இருக்கும்போது அழகைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்த அளவுத் தொட்டிக்கு இரண்டும் வேண்டாம். பிளவர்ஹோர்னும் இந்த வகையில்தான்.

ஜக் டெம்ப்ஸி, கிரீன் டெரர் இரண்டும் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரும். ஆசையென்றால் ஏதாவது ஒன்று, ஒன்றே ஒன்று, தனியாக.

கொன்விக்ட் 10 முதல் 12 சென்ரிமீற்றர். ஒரு சோடி வைக்கலாம். ஆனால் அந்தத் தொட்டி அவர்களுடைய வீடு, வேறு ஆள் வேண்டாம். அடிக்கடி குஞ்சு பொரிக்கும், அதை யாருக்குக் கொடுப்பது என்பதை வாங்கும்போதே யோசியுங்கள்.

பயர்மவுத் என்ற செந்தொண்டை மீன் 15 சென்ரிமீற்றருக்குள் நிற்கும். தொண்டையை ஊதிச் சிவப்பைக் காட்டி வெருட்டும், பெரும்பாலும் அதோடு சரி. முதன்முதல் சிக்லிட் வாங்குபவருக்கு நாங்கள் காட்டுவது இதைத்தான்.

நம் நாட்டுச் செம்மஞ்சள் குரோமைட் எட்டு சென்ரிமீற்றர்தான். ஆறு ஏழை ஒன்றாக விடலாம். கொஞ்சம் உவர் கலந்த தண்ணீர் நல்லது. அதன் குஞ்சுகள் தாய் தகப்பனின் உடம்பில் படியும் வழுவழுப்பை உரசித் தின்னும். அதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

எதை வாங்கினாலும், மீனின் எண்ணிக்கையைவிட ஒளிப்பிடத்தின் எண்ணிக்கை கூட இருக்கட்டும். உடைந்த மண்சட்டிகளும் கற்களும் போதும். ஒரு மூலையில் நின்றால் மறு மூலை தெரியாதபடி நடுவில் ஒரு பெரிய கல் வையுங்கள். மீன்களை ஒரே நாளில் விடுங்கள். பிறகு புதிதாக ஒன்றை விடுவதென்றால் கற்களை எல்லாம் இடம் மாற்றிவிட்டு விடுங்கள், அப்போது ஒருவருக்கும் பழைய உறுதிக்காணி இருக்காது. பிரிக்க வேண்டி வந்தால் பார்வையை மறைக்கும் தடுப்பு வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சோடி முட்டையிட்டால் அன்றே மற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். நாங்கள் இரண்டு நாள் பிந்தினோம்.

இன்னுமொரு வேண்டுகோள். வளர்க்க முடியாமல் போனால் தயவுசெய்து வாவியிலோ குளத்திலோ விடாதீர்கள். திலாப்பியாவும் ஆபிரிக்கச் சிக்லிட்தான். 1952இல் இந்நாட்டுக் குளங்களுக்கு அதைக் கொண்டுவந்தார்கள். எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது, அதை மறுக்கவில்லை. ஆனால் எழுபது வருடம் கழித்து இனி அதைத் திரும்ப எடுக்கவே முடியாது. அமெரிக்காவின் புளோரிடாவில் ஒஸ்காரும், அவுஸ்திரேலியாவில் கொன்விக்டும் இப்படித்தான் இயற்கை நீர்நிலைகளில் குடியேறின. நம் வாவியில் செம்மஞ்சள் குரோமைட்டும் பச்சைக் குரோமைட்டும் நெடுங்காலமாக அயல்வீட்டுக்காரர்கள். சின்ன மீன் பெரிய மீனின் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்கிறது. அதே சின்ன மீன் பெரிய மீனின் முட்டையையும் சில வேளை களவாகத் தின்கிறது. 1970களில் இலங்கையின் களப்புகளில் ஆராய்ந்தவர்கள் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார்கள். உதவியும் உண்டு, உரசலும் உண்டு, ஆனாலும் இரண்டும் ஒரே வாவியில்தான் இருக்கின்றன. அதற்குள் நம் தொட்டியின் பிழையைக் கொண்டுபோய்க் கொட்ட நமக்கு உரிமை இல்லை.

எங்கள் ஒஸ்காரைப் பெரிய தொட்டி உள்ள ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். கொன்விக்ட் சோடி மட்டும் இருக்கிறது. போன கிழமை அதே மாணவன் வந்து கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். தாய் முன்னாலும் தகப்பன் பின்னாலுமாக, நடுவில் தூசி போலக் குஞ்சுக் கூட்டம்.

"சேர், இதுகள் அந்த மீன்தானா? வேறயா?"

"அதே மீன்தான் மகன்."

அவன் வேறொன்றும் கேட்கவில்லை, நாங்களும் பாடம் எடுக்கவில்லை. கடையில் அந்த மீனுக்கு இன்னும் கொன்விக்ட் என்றுதான் எழுதி ஒட்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது அதற்குப் பெயர் கறுப்புப் பட்டி மீன்.

தொட்டி வாங்க நினைப்பவர்கள் அளவைச் சொல்லுங்கள், தெரிந்ததைச் சொல்கிறோம்.